பெயர் இட்டவன் கடன்

(பெயர்சூட்டு விழாவொன்றில் ஆற்றிய உரை)

    

நம் மன்றத்தின் பெயர்சூட்டு விழாக்கள் பலவற்றில் நான் பேசியிருக்கின்றேன். தொட்டிலருகே குனிந்து, குழந்தையின் காதில் பெயரை மும்முறை சொல்லும் பேற்றினை நீங்கள் எனக்குப் பலமுறை தந்திருக்கின்றீர்கள். இன்றைய விழாவில் தொட்டில் இல்லை. பெயர் கொள்பவர் இருபத்துமூன்று அகவை நிரம்பிய இளைஞர், மின்பணி கற்றவர். பிறந்தபோது பெண்ணென எழுதப்பட்டவர். தம்மை ஆணென உணர்ந்து, ஆணாக வாழ்பவர். அத்தகையோரைத் திருநம்பி என்று இன்று தமிழுலகம் அழைக்கின்றது. அவர் தமக்குரிய பெயரைத் தாமே தேர்ந்துகொண்டு நம்முன் வந்திருக்கின்றார்.

இவ்விழாவில் பேசுமாறு என்னை அழைத்தவரும் அவரே. அழைத்த கரணியம் ஒன்று உண்டு. இருபத்துமூன்று ஆண்டுகட்கு முன்பு, இதே ஊரில், அவருக்கு முதற்பெயர் இட்டவன் நான்.

அப்பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அது நல்ல தமிழ்ப்பெயர் என்பது மட்டும் போதும். அதைத் தேடி மூன்று இரவுகள் நூல்களைப் புரட்டியவன் நான். பெயர் சூட்டிய அன்று அவர்தம் தந்தையார் என் கைகளைப் பற்றிக்கொண்டு கண்கலங்கினார். அந்நாளை நான் மறந்ததில்லை.

சென்ற ஆண்டு தைத் திங்களில் ஒரு மாலை, அவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு சொன்னார்: “ஐயா, நீங்கள் வைத்த பெயரை உங்களிடமே திருப்பித் தர வந்திருக்கிறேன்.”

தோழர்களே, என் நெஞ்சம் அன்று சுருங்கிப் போயிற்று. அதை மறைப்பதில் பயனில்லை. அவருடைய துயரைக் கேட்பதற்கு முன்பு என் பெயரைக் காக்க முனைந்தேன். அப்பெயரின் வேர் என்ன, பொருள் என்ன, எந்நூலில் எவ்விடத்தில் அச்சொல் வருகின்றது என்று அரைமணி நேரம் அவருக்குப் பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டார். “பெயரில் குறை ஒன்றுமில்லை ஐயா. அது நல்ல பெயர்தான். ஆனால் அது நான் இல்லை” என்றார். நான் அவரைப் பழைய பெயரால் அழைத்தே வழியனுப்பினேன். பெயரைத் திருப்பித் தர வந்தவரிடம் அதே பெயரை மீண்டும் திணித்து அனுப்பினேன்!

இரண்டு கிழமைகள் கழித்து அவர் தாயார் வந்தார். தொழிற்பயிலகத்தில் தம் பிள்ளை பட்ட பாட்டைச் சொன்னார். வருகைப் பதிவின்போது தம் பெயர் படிக்கப்படுமுன் வகுப்பை விட்டு வெளியேறி விடுவாராம். அப்பெயர் ஒலிக்கையில் நாற்பது தலைகள் திரும்பித் தம்மைப் பார்க்கும் பார்வையை அவரால் தாங்க இயலவில்லை. வருகை குறைந்தது, ஒரு பருவத் தேர்வு எழுத இயலாமற் போயிற்று. கைவினையில் அவ்வகுப்பில் முதல்வர், பதிவேட்டில் வராதவர்! நான் மூன்று இரவு தேடி இட்ட பெயர் அவரைக் கல்விக்கூடத்திலிருந்து விரட்டியிருக்கின்றது. அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

பெயர்தானே, அதிலென்ன என்று கேட்பார் இவ்வவையில் இரார். பெயருக்காகவே ஓர் இயக்கம் கண்டவர்கள் நாம். ஆயினும் தமிழில் இச்சிக்கல் எத்துணை ஆழமானது என்பதை ஒரு சிறிய இலக்கணச் செய்தியால் விளக்க விழைகின்றேன்.

‘நான் வந்தேன்’ என்று சொல்லுங்கள். அதில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. ‘நீ வந்தாய்’ என்னுங்கள். அதிலும் பால் இல்லை. பிறர் ஒருவரைப் பற்றிப் பேசும்போதுதான் ‘வந்தான்’ என்றும் ‘வந்தாள்’ என்றும் பால் முளைக்கின்றது. அதாவது, ஒருவர் தம்மைத் தாம் சொல்லிக்கொள்ளும் இடத்தில் தமிழ் அவரைக் கட்டுப்படுத்தவில்லை. ஊர் அவரைச் சொல்லும் இடத்தில்தான் கட்டு விழுகின்றது. ஊரார் எந்த ஈற்றைப் போடுவது என்று எதைக் கொண்டு முடிவு செய்கின்றனர்? பெயரைக் கொண்டு! பெயர் பெண்பாலாயின் வினையும் பெண்பால், முறைப்பெயரும் அவ்வழியே. தம்பி என்பதற்கு மாறாகத் தங்கை. அண்ணன் என்பதற்கு மாறாக அக்கை. ஒரு பெயர் தவறினால் நாள் முழுவதும் நூறு சொற்கள் தவறுகின்றன. அந்நூறு சொற்களும் அவ்விளைஞரின் காதில் நாளும் விழுந்தன.

இனி, இவ்விழாவைக் குறித்து நம் அன்பர்கள் சிலர் எழுப்பிய வினாக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

முதல் வினா: “இது மேனாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் அன்றோ? தமிழ் மன்றத்திற்கு இதில் என்ன வேலை?”

அன்பர்களே, இலக்கணத்தைத் திறந்து பாருங்கள். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே திணையும் பாலும் வகுக்கின்றார். வகுத்த உடனே, நான்காம் நூற்பாவில், ஆண்மை திரிந்து பெண்மை சுட்டி நிற்கும் மாந்தரைக் குறிக்கும் பெயரை எடுத்துக்கொள்கின்றார். அவர்க்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணைக்குரிய ஈறுகளையே கொள்வர் என்று நெறி செய்கின்றார். அவர்களை உயர்திணைக்குப் புறத்தே தள்ளவில்லை. தொல்காப்பியர் அங்குச் சொன்னது இன்று திருநங்கையர் எனப்படுவார்க்கு அணுக்கமானது.

திருநம்பியர்க்கு அணுக்கமான செய்தி நன்னூலில் உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டினர் பவணந்தி முனிவர். அவர் பெயரியலில், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவாரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவாரைப் பெண்பாலாகவும் கொள்க என்று நூற்பாச் செய்கின்றார். ‘அவாவுதல்’ என்னும் சொல்லை நோக்குக! உடலை ஆய்ந்து பால் வகுக்கச் சொல்லவில்லை அவர். உள்ளம் எதை நாடுகின்றதோ அதுவே பால் என்கின்றார். இவ்விருவகையும் அஃறிணை போலவும் வரும் என்று அதே நூற்பா முடிவதையும் நான் மறைக்கவில்லை. அது அக்கால வழக்கின் கறை. அதை நாம் சுமக்க வேண்டியதில்லை. உயர்திணை என்ற தொல்காப்பியரையும், அவாவே பால் என்ற பவணந்தியாரையும் கைக்கொள்வோம். எந்த மேனாட்டு நூலும் தமிழுக்குள் நுழையாத நாளில் எழுந்த நூற்பாக்கள் இவை.

நம்பி என்ற சொல்லும் அவ்வாறே பழமையுடையது. ‘நம்’ என்னும் அடியிலிருந்து நம்பியும் நங்கையும் பிறப்பதைத் தொல்காப்பியம் பெயரியலில் குறிக்கின்றது. ‘நம்’ என்பதில் பிறந்த சொல்லால் அழைக்கப்படுவோர் நம்மவர் அல்லரோ? திருநங்கையர்க்கென நலவாரியம் ஒன்றை 2008ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதன்முதல் அமைத்தது தமிழ்நாடு. இத்தகையோரை இழிவின்றிக் குறிக்கும் சொற்பட்டியலைச் சென்னை உயர் அறமன்றத்தின் முயற்சியால் தமிழ்நாட்டரசு 2022ஆம் ஆண்டில் அரசிதழில் வெளியிட்டது. இழிசொல்லை நீக்கி நற்சொல் ஆக்குவது தமிழ்ப்பணி இல்லையென்றால் வேறெது தமிழ்ப்பணி?

இரண்டாம் வினா: “பெற்றோர் இட்ட பெயரை மாற்றலாமா? அது நன்றி மறத்தல் அன்றோ?”

இவ்வினாவை வேறு எவரும் கேட்கலாம், நாம் கேட்கலாகாது. வேதாசலம் என்னும் பெயரைத் தந்தவர் யாவர்? பெற்றோரே. அவர் மறைமலை ஆனார். சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற்கலைஞர் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். இவர்களுள் எவரையேனும் பெற்றோரை இகழ்ந்தவர் என்று நாம் சொன்னதுண்டா? பிறப்புச் சான்றைக் கொண்டுவா, அதிலுள்ளபடிதான் அழைப்பேன் என்று மறைமலையடிகள்முன் நின்று எவரேனும் கூறியிருந்தால் அவரை நாம் என்னவென்று சொல்லியிருப்போம்?

ஒரு நாட்டின் பெயரும் அவ்வாறே மாறிற்று. தமிழ்நாடு என்னும் பெயரை வேண்டி உண்ணாநோன்பிருந்து 1956ஆம் ஆண்டு அத்தோபர்த் திங்களில் உயிர் நீத்தார் சங்கரலிங்கனார். 1967 சூலை 18 அன்று சட்டமன்றம் தீர்மானம் இயற்றிற்று. 1969 சனவரி 14 அன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. அப்பெயருக்கு முன்பும் இந்நிலம் இதே நிலந்தான்; இதே ஆறுகள், இதே மக்கள். ஆயினும் பிறர் இட்ட பெயரால் அழைக்கப்படுவதற்கும் தன் பெயரால் அழைக்கப்படுவதற்கும் உள்ள வேற்றுமையை நம் தலைமுறை அறியும். அதை அறிந்த நாம் ஒரு தனி மாந்தரின் நெஞ்சில் அதே வேட்கை எழும்போது விளங்கவில்லை என்று சொல்லலாமா?

மூன்றாம் வினா: “வேரை வைத்துக்கொண்டு ஈற்றை மட்டும் மாற்றினால் போதாதா? பெண்பால் ஈற்றை நீக்கி ‘அன்’ சேர்த்தால் பெயர் முடிந்ததே!”

இதைக் கேட்டவன் நானேதான். என் பெயரில் பாதியையாவது காப்பாற்றிக்கொள்ள முயன்றேன். அவர் மறுத்தார். “பாதிப் பெயர் பழைய பெயரை நினைவூட்டிக்கொண்டே இருக்கும் ஐயா, கேட்பவர்களும் அதற்கே வழுக்கிப் போவார்கள்” என்றார். பிறகே எனக்கு ஒன்று விளங்கிற்று. நம் பெயர்மாற்றங்களிலேயே இருவகை உண்டு. மறை என்பது வேதம். மலை என்பது அசலம். பரிதி என்பது சூரியன். இவை பொருளை வைத்துக்கொண்டு மொழியை மாற்றியவை. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனது அப்படியன்று. அது புதிதாகப் பூண்டது. முதல்வகை சிலர்க்குப் பொருந்தும். ஈறு மாற்றி நிறைவு காணும் திருநம்பியரும் இருப்பர். அது அவரவர் உரிமை. இவர்க்கு வேண்டியது இரண்டாம் வகை.

அதன்பின் பத்துத் திங்கள் இருவரும் பெயர் தேடினோம். அத்தேட்டத்தில் நான் கற்றவற்றை, இவ்வழியில் பின்வரும் இளைஞர்க்குப் பயன்படும் என்பதால் சொல்கின்றேன்.

நான் எடுத்துக் கொடுத்த முதற்பட்டியலில் எல்லாம் முடியுடை வேந்தர் பெயர்கள். வேலும் வாளும் ஏந்திய பெயர்கள். படித்துப் பார்த்துச் சிரித்தார். “ஐயா, நான் ஏணியில் ஏறிக் கம்பி இழுக்கப் போகிறேன்; களிற்றின்மேல் ஏறிப் படையெடுக்கப் போகவில்லை” என்றார். ஆணாக வாழ்வோர் தம் ஆண்மையை மெய்ப்பிக்க மறப்பெயர் தாங்க வேண்டியதில்லை என்று அன்று கற்றேன்.

அடுத்து, அன்பு, தமிழ், மதி, எழில், அறிவு என இருபாற்கும் பொதுவான பெயர்களை எடுத்துரைத்தேன். அழகிய பெயர்கள், ஊரார் வாயும் எளிதில் பழகும். சிலர்க்கு அவை நல்ல நிழலாகும். இவரோ, “இருபத்திரண்டு ஆண்டுகள் ஐயத்திலேயே வாழ்ந்துவிட்டேன். கேட்டவுடன் ‘வந்தான்’ என்று வினை வரவேண்டும்; அப்படியோர் ஈறு தாருங்கள்” என்றார். பொதுப்பெயரா, ஆண்பால் ஈற்றுப் பெயரா என்பதை உடுத்துபவரே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவதாகப் பாட்டன் பெயர். பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் அவன் பெயரன். அதுவே பேச்சில் பேரன் ஆயிற்று. தம் தந்தைவழிப் பாட்டனார் பெயரைத் தாங்க இவர்க்குப் பேரவா. பெயரன் என்னும் உறவைப் பெயராலேயே பெற விரும்பினார். வீட்டார் சிலர் அதற்கு இசையவில்லை. இவர் வருந்தினாலும் பிடிவாதம் செய்யவில்லை. “அவர்களாகத் தரும் நாளில் என் பிள்ளைக்கு அப்பெயரை இடுவேன்” என்று அமைந்தார்.

இன்னும் சில நடைமுறைச் செய்திகள். பெயர் தம் அகவையினர்க்குப் பொருந்துவதாக இருத்தல் நன்று. உடன்பயின்றோர் பெயர்களுக்கு நடுவில் துருத்தி நிற்பின் மீண்டும் தலைகள் திரும்பும். உரக்கக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். தெருமுனையிலிருந்து தாய் அழைத்தால் காதில் விழுமா என்று காண வேண்டும். அலுவலகத் தாள்களில் உரோமன் எழுத்திலும் எழுத வேண்டியிருப்பதால், ழகரம் உள்ள பெயராயின் அதை எவ்வெழுத்துகளால் எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்து எல்லாத் தாள்களிலும் ஒன்றுபோல் எழுத வேண்டும். ஓரெழுத்து மாறினும் வங்கியில் ஒருவர், கடவுச்சீட்டில் வேறொருவர் ஆகிவிடுவர். எல்லாவற்றிற்கும் மேலாக, ஆவணத்தில் ஏற்றுமுன் சில திங்கள் நண்பர் இருவர் மூவர் வாயில் அப்பெயரைப் பழகவிட வேண்டும். இவர் தேர்ந்த முதற்பெயர் இரண்டு திங்களில் உதிர்ந்தது. இரண்டாம் பெயர் நிலைத்தது. எப்போது நிலைத்தது என்று கேட்டேன். “பின்னாலிருந்து நண்பன் கூப்பிட்டான். எண்ணிப் பார்க்காமல் திரும்பிவிட்டேன்” என்றார். அதைவிடச் சிறந்த தேர்வு ஒரு பெயருக்கு இல்லை.

தமிழ்ப்பெயரே கொள்ள வேண்டும் என்று நான் அவரை வற்புறுத்தவில்லை. நம் கொள்கையை அவர் அறிவார். அதன் நடுவில் வளர்ந்தவர். ஆயினும், ஒருமுறை கேளாமல் பெயரிட்டவன், மறுமுறையும் கட்டாயப்படுத்தினால் அது முறையன்று. அவரே தமிழைத் தேர்ந்தார். கேட்டுப் பெற்ற பற்றினும் தானே வந்த பற்று உறுதியானது.

சட்டத்தைப் பற்றிச் சுருங்கச் சொல்வேன். 2014 ஏப்பிரல் 15 அன்று இந்திய உச்ச அறமன்றம், தம் பால் இன்னது என்று தாமே உணர்ந்து கூறும் உரிமை இவர்களுக்கு உண்டென்று தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு நடுவணரசு இயற்றிய சட்டம் 2020 சனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. மாவட்டத் தலைமை அலுவலரிடம் வேண்டுகை தந்து அடையாளச் சான்று பெறுமாறும், அச்சான்று பெற்றவர் பிறப்புச் சான்றிலும் பிற அடையாள ஆவணங்களிலும் தம் முதற்பெயரை மாற்றிக்கொள்ள உரிமையுடையவர் என்றும் அது வகுத்தது. சட்ட நெறிகள் அவ்வப்போது திருத்தப்படுவன; ஆகையால் இவ்வழி செல்வோர் ஆட்சியர் அலுவலகத்தில் அன்றைய நெறியைக் கேட்டறிந்தே தொடங்குக. பள்ளிச் சான்று, ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் பொத்தகம் என ஒவ்வொன்றாக மாற்றப் பொறுமை வேண்டும். நம் மன்றத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் பலர் உள்ளனர். வரிசையில் உடன் நிற்க ஒருவர் சென்றால் அதுவும் தொண்டே.

அச்சட்டம் மாற்றச் சொல்வது முதற்பெயரை மட்டும். பெயருக்கு முன்னுள்ள எழுத்தோ தந்தையுடையது. இங்குத்தான், தோழர்களே, நான் இன்று பேச வந்த செய்தி இருக்கின்றது.

இவர்தம் தந்தையார் நம்மவர். நம் இதழை நெடுங்காலமாகப் படித்து வருபவர். எத்தனையோ கூட்டங்களுக்குப் பாய் சுமந்தவர். அவர் இன்று வரவில்லை. “புதுப்பெயர் வைத்துக்கொள்ளட்டும், என் எழுத்தைப் போட வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். தாயின் பெயரெழுத்தை இட்டுக்கொள்ளலாமே என்று ஒரு தோழர் இவர்க்கு வழி சொன்னார். அதற்கு இவர் சொன்ன மறுமொழி இது: “அம்மாவின் எழுத்தும் எனக்குப் பெருமைதான். ஆனால் அப்பா என்னை மகளாக வளர்த்தபோது எந்தக் குறையும் வைக்கவில்லை. நான் பெயரைத்தான் மாற்றுகிறேன். அப்பாவை மாற்றவில்லை.”

இவ்வுரை நம் இதழில் அச்சாகும். அவர் கைக்குச் செல்லும். ஆகவே அவரோடு சில சொற்கள் பேச நீங்கள் இசைவு தருக.

ஐயா, அன்பரே! அன்று என் கைகளைப் பற்றிக் கண்கலங்கினீர்கள். நம் இருவர்க்கும் இதில் ஒரே இழப்பு. நான் தேடிய பெயரை நான் இழந்தேன். நீங்கள் ஆசையோடு அழைத்த பெயரை நீங்கள் இழந்தீர்கள். அத்துயர் பொய்யன்று. என்னினும் உங்கள் துயர் பெரிது. ஆனால் எண்ணிப் பாருங்கள். பெயரை நாம் எதற்காக இட்டோம்? அப்பிள்ளை தலைநிமிர்ந்து வாழ்வதற்காக. அப்பெயர் தலைகுனிய வைத்தது என்று அப்பிள்ளையே சொல்லும்போது, பெயரைக் காப்பதா, பிள்ளையைக் காப்பதா? பெயர் இட்டவன் கடன் இட்டதோடு முடிவதில்லை. வேண்டும்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் அக்கடனில் அடங்கும். நான் பெற்றுக்கொண்டேன். முதலில் கசந்தது; இப்போது கசப்பில்லை. என் திண்ணைக்கு மறுமுறை வந்தபோது ‘வா தம்பி’ என்று ஒரு சொல் சொன்னேன். அம்முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பத்துத் திங்களாக நான் தேடித் தந்த எந்தப் பெயரும் அவ்வொரு சொல்லின் வேலையைச் செய்யவில்லை. என்னால் ‘தம்பி’ என்றுதான் சொல்ல முடியும். ‘மகனே’ என்று சொல்ல உலகில் இருவர்க்கே உரிமை. ஒருவர் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். மற்றவர் நீங்கள். உங்கள் கையொப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. உங்கள் பிள்ளை கேட்பது உங்கள் பெயரின் ஓரெழுத்தையும் அந்த ஒரு சொல்லையும் மட்டுமே.

அவைத்தலைவர் மணியைப் பார்க்கின்றார், முடிக்கின்றேன். வழக்கமாகப் பெயரை நான் சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்வீர்கள். இன்று அவ்வாறு வேண்டாம். அவர் எழுந்து தம் பெயரைத் தாமே சொல்வார். முன்னெழுத்தோடு சொல்வார். நாம் அனைவரும் மும்முறை திருப்பிச் சொல்வோம். அவருடைய தாள்கள் மாறி முடியும் வரை அப்பெயர் நம் இதழில் அச்சாகாது; அது அவர் வேண்டுகோள். இங்குள்ளோர் அதை நெஞ்சில் எழுதிக்கொண்டு, நாளை தெருவில் கண்டால் அப்பெயராலேயே அழைத்திடுக. நா தவறினால் ஒருமுறை திருத்திக்கொண்டு பேச்சைத் தொடர்க, நானும் தவறியிருக்கின்றேன், அவர் பொறுத்திருக்கின்றார்.

எழுந்து சொல்லுங்கள், தம்பி.